மலைக்கு எத்தனை வயது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பாறைகளின் வயதைப் பற்றியே இருந்தன. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த இதழ் முழுக்க மலையும் கல்லும்தான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: இமயமலைக்கு வயது 5 கோடி ஆண்டு என்கிறார்கள். எவரெஸ்ட் உச்சியில் இருக்கும் பாறைக்கு 44 கோடிக்கும் மேலே என்று வேறு ஓரிடத்தில் படித்தேன். பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது மாட்டிக்கொண்டேன். எதைச் சொல்வது?

பதில்: இரண்டையும் சொல்லுங்கள், இரண்டும் வேறு வேறு சங்கதிகளின் வயது. எவரெஸ்ட் உச்சியில் இருப்பது சுண்ணாம்புக்கல். ஆர்டோவிசியன் காலத்தில், அதாவது 48 கோடியிலிருந்து 44 கோடி ஆண்டுகளுக்கு இடைப்பட்ட காலத்தில், ஆழமில்லாத ஒரு கடலின் அடியில் படிந்தது அது. டிரைலோபைட்டு என்ற, அழிந்துபோன கடல் உயிரிகளின் உடைந்த ஓடுகளும் கடல் அல்லி என்ற விலங்குகளின் துண்டுகளும் அதற்குள் கிடக்கின்றன. அந்தப் படிவு சேர்ந்தபோது இமயமலை என்று ஒன்று இல்லவே இல்லை, இந்தியா தனி நிலப்பரப்பாகக்கூடப் பிரிந்திருக்கவில்லை. நாற்பது கோடி ஆண்டு அது பாட்டுக்குக் கிடந்துவிட்டு, இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதிய பிறகுதான் நெருக்குண்டு மேலே வந்தது. அந்த மோதலின் தொடக்கம்தான் 5 கோடி ஆண்டு.

ஒரு பழைய வீட்டுக்கு வயது கேட்டால் செங்கல் சுட்ட ஆண்டு, சுவர் எழுப்பிய ஆண்டு, மாடி போட்ட ஆண்டு என்று மூன்று பதில் வருமே, அந்தக் கதைதான். மலையின் வயது என்று யாராவது ஒற்றை எண்ணைச் சொன்னால் "எந்த நிகழ்ச்சியின் வயது?" என்று உடனே திருப்பிக் கேளுங்கள். பாறை உருவானதா, அது ஆழத்தில் புதைந்து வெந்ததா, திரும்ப மேலே வந்து ஆறியதா? ஒவ்வொன்றையும் வேறு ஒரு கனிமம் குறித்துவைத்திருக்கும்.

சரி, அந்த 5 கோடி எப்படி வந்தது? ஒரே ஒரு கல்லை வைத்து வந்ததல்ல. மோதலுக்கு முன்னால் இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவில் டெதிஸ் கடல் இருந்தது, அதன் தரை ஆசியாவுக்கு அடியில் செருகிக்கொண்டே போனது. அப்படிச் செருகும் இடத்துக்கு மேலே பாறைக்குழம்பு உண்டாகி, உள்ளேயே உறைந்து கிரானைட்டாகும். லடாக்கில் அந்தக் கிரானைட் ஒரு மலைத்தொடராகவே நிற்கிறது. அந்த வகைக் கிரானைட் பெருமளவில் உருவாவது ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓய்ந்துபோகிறது. பக்கத்தில் சான்ஸ்கார் பகுதியில் கடல் படிவுகளும் அதே காலத்தை ஒட்டித்தான் முடிகின்றன. பாகிஸ்தானின் ககான் பள்ளத்தாக்கில் கோயசைட் இருக்கிறது. அபாரமான அழுத்தத்தில் மட்டுமே உருவாகும் சிலிக்கா வகை இது, இந்தியத் தட்டின் முன்விளிம்பு 90 கி.மீ.க்கும் மேலான ஆழத்துக்கு இழுத்துச்செல்லப்பட்டதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அந்த ஆழத்தில் வளர்ந்த, சிர்கான் என்ற கனிமத்தின் படிகங்களுக்கு வயது சுமார் 4.6 கோடி. அவ்வளவு தூரம் கீழே போவதற்குச் சில பத்து லட்சம் ஆண்டாவது பிடித்திருக்கும் என்பதால் மோதல் அதற்கு முந்தையது. கடைசியாக, கடல் தரை உருவாகும்போது அதில் பதிந்த காந்தப் பட்டைகளை வைத்துக் கணக்குப் போட்டால், ஆண்டுக்கு 15 செ.மீ. அளவுக்கு ஓடிக்கொண்டிருந்த இந்தியத் தட்டு அந்தக் காலத்தை ஒட்டித்தான் வேகம் குறைந்து, பிறகு 5 செ.மீ. பக்கம் வந்து நிற்கிறது. இப்படி ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நாலைந்து வழிகள் ஒரே காலத்தில் போய்ச் சேருவதால்தான் அந்த எண்ணை நம்புகிறோம். சிலர் 6 கோடிக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள், சிலர் முழு மோதல் இன்னும் தாமதமாகத்தான் நடந்தது என்கிறார்கள். அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

கேள்வி: கார்பன் டேட்டிங் செய்துவிட்டால் வேலை முடிந்ததே, ஏன் இவ்வளவு சுற்றுகிறார்கள்?

பதில்: முடியாது. கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டுதான் ஆகும். 50,000 ஆண்டு தாண்டினால் அளப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. அதோடு, ஒருகாலத்தில் உயிரோடு இருந்த பொருளுக்குத்தான் அது பொருந்தும். கிரானைட் எப்போது உயிரோடு இருந்தது? "கார்பன் டேட்டிங் செய்ததில் பாறைக்கு 10 கோடி வயது" என்று எங்காவது கேட்டால் சேனலை மாற்றிவிடலாம்.

கேள்வி: அப்படியென்றால் கல்லுக்குள் கடிகாரம் எங்கே இருக்கிறது? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். நான் இயற்பியல் மாணவி, கணக்குக்குப் பயப்பட மாட்டேன்.

பதில்: கணக்கு சின்னதுதான், பொருள்தான் சுவாரசியமானது. முழுப் பாறையைவிட அதற்குள் இருக்கும் படிகங்களைத்தான் பெரும்பாலும் பார்க்கிறார்கள், அவற்றில் ராஜா சிர்கான். கிரானைட்டில் இது பெரும்பாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். பாறைக்குழம்பு ஆறும்போது வளரும் இந்தப் படிகம், சிர்கோனியம் உட்கார வேண்டிய இடத்தில் கொஞ்சம் யுரேனியத்தையும் உட்காரவிடும், ஆனால் ஈயத்தைக் கிட்டத்தட்ட உள்ளேயே சேர்க்காது. அணுவின் அளவும் மின்னூட்டமும் ஒத்துவராது. ஆகவே இன்றைக்கு ஒரு சிர்கானுக்குள் ஈயம் இருந்தால், அது யுரேனியம் சிதைந்து அங்கேயே பிறந்த ஈயம். மிச்சமிருக்கும் யுரேனியம் எவ்வளவு, சேர்ந்திருக்கும் ஈயம் எவ்வளவு என்று அளந்துவிட்டால் இடைப்பட்ட காலம் வந்துவிடும்.

எடுக்கும் விதம் இப்படி. சில கிலோ பாறையை நொறுக்கிச் சலித்து, அடர்த்தி அதிகமான ஒரு திரவத்தில் போடுவார்கள். குவார்ட்ஸ் மிதக்கும், சிர்கான் அடியில் போய் உட்காரும். இரும்புச் சத்துள்ளவற்றைக் காந்தத்தால் விலக்கிவிட்டு, மிஞ்சியதை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும், கழுத்து வலிக்கும் வேலை. பொறுக்கியதைப் பிசினில் பதித்து, படிகம் பாதியாகும்வரை தேய்த்து, எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சிப் படம் எடுத்தால் உள்ளே அடுக்கடுக்காக வளர்ந்த வளையங்கள் தெரியும். பிறகு லேசரால் 20, 30 மைக்ரான் அகலத்துக்கு ஒரு குழி பறித்து, கிளம்பும் ஆவியை, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் நிறைமானிக்கு அனுப்பினால் அந்தப் புள்ளியின் வயது வந்துவிடும். இந்தப் படம் எடுக்கும் வேலையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இமயத்தின் வெளிர்நிறக் கிரானைட்டுகளில், நூறு கோடி ஆண்டு தாண்டிய மையமும் 2 கோடி ஆண்டைச் சேர்ந்த விளிம்பும் ஒரே படிகத்தில் இருப்பது சர்வ சாதாரணம். பழைய பாறை உருகி, அதிலிருந்த சிர்கான் மட்டும் உருகாமல் தப்பி, புதுக் குழம்பில் மேற்கொண்டு ஓர் அடுக்கு வளர்ந்திருக்கிறது. முழுப் படிகத்தையும் கரைத்து அளந்தால் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் எண் வரும், அந்தக் காலத்தில் எதுவுமே நடந்திருக்காது.

யுரேனியத்தையும் ஈயத்தையும் வைத்துப் பாறைக்கு வயது சொல்லும் வேலையை 1911-லேயே ஆர்தர் ஹோம்ஸ் செய்துவிட்டார், அப்போது அவருக்கு 21 வயது. நார்வே நாட்டுப் பாறை ஒன்றுக்கு 37 கோடி ஆண்டு என்றார். ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தில் வேறு வேறு எடையுள்ள அணுக்கள், என்ற விஷயமே அப்போது தெரியாது, இருந்தும் குறி பெரிதாகத் தப்பவில்லை. அதே மனிதர்தான் பிற்பாடு, கண்டங்கள் நகர்வதற்கு அடியில் இருக்கும் சூடான பாறையின் சுழற்சி காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னார்.

கேள்வி: ஆரம்பத்திலேயே கொஞ்சம் ஈயம் இருந்திருக்கலாம், நடுவில் கொஞ்சம் கசிந்திருக்கலாம். யார் பார்த்தார்கள்?

பதில்: நியாயமான சந்தேகம். அதைச் சரிபார்க்க வழி படிகத்துக்குள்ளேயே இருக்கிறது. யுரேனியத்தில் இரண்டு வகை உண்டு. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 446.8 கோடி ஆண்டு, அது ஈயம்-206 ஆக முடியும். யுரேனியம்-235 பாதியாக 70.4 கோடி ஆண்டுதான், அது ஈயம்-207 ஆக முடியும். ஆக ஒரே படிகத்தில் வேறு வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள். இரண்டும் ஒரே வயதைக் காட்டினால் எதுவும் கசியவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் கசிந்திருக்கிறது, அல்லது பழசும் புதுசும் கலந்திருக்கிறது. அந்த முரண்பாடும் வீண் போகாது: ஒரே பாறையின் பல படிகங்களை வரைபடத்தில் போட்டால் அவை ஒரு நேர்கோட்டில் விழும், கோட்டின் ஒரு முனை படிகம் பிறந்த காலத்தையும் மறுமுனை அதற்குச் சேதம் நேர்ந்த காலத்தையும் காட்டுவதுண்டு. படிகத்துக்குள் தொடக்கத்திலேயே ஒட்டிக்கொண்ட ஈயத்துக்கு ஈயம்-204 துப்புக் கொடுக்கும், ஏனென்றால் எந்தச் சிதைவிலும் அது உருவாவதில்லை. அது இருந்தாலே வெளியிலிருந்து ஈயம் வந்திருக்கிறது என்று பொருள், அந்த அளவைக் கழித்துவிடலாம்.

கேள்வி: 446 கோடி ஆண்டு யார் உட்கார்ந்து பார்த்தது?

பதில்: பார்க்க வேண்டியதில்லை, எண்ணினால் போதும். ஒரு கிராம் யுரேனியம்-238 இல் நொடிக்கு 12,400 அணுக்கள் சிதைகின்றன. மொத்தம் எத்தனை அணு இருக்கிறது என்பது தெரியும். மிச்சம் வகுத்தல் கணக்கு. அந்த வேகம் அன்றைக்கும் இதேதானா என்று கேட்பீர்கள். சிதைவு அணுக்கருவுக்குள் நடப்பது, பூமிக்குள் இருக்கும் வெப்பமும் அழுத்தமும் வெளியே இருக்கும் எலக்ட்ரான்களைத்தான் அசைக்கும். அதோடு காபோன் நாட்டில் ஓக்லோ என்ற இடத்தில், சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு யுரேனியப் படிவு தானாகவே அணு உலையாக எரிந்திருக்கிறது. 1972-இல் கண்டுபிடித்தார்கள். அது விட்டுப்போன சாம்பலை ஆராய்ந்தால், அணுக்கரு அன்றைக்கும் இன்றைய விதிகளின்படியே நடந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: பாறை எப்போது பிறந்தது என்று தெரிகிறது. அது எப்போது மலையாக எழும்பியது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். முதலில் ஓர் உண்மை: மலை எப்போது உயர்ந்தது என்று நேரடியாகக் காட்டும் கடிகாரம் எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் பாறை எப்போது ஆறியது என்று காட்டும் கடிகாரங்கள். பூமிக்குள் ஒவ்வொரு கி.மீ. இறங்கும்போதும் வெப்பம் சராசரியாக 25, 30 டிகிரி ஏறும். மலையின் மேல்பகுதியை ஆறும் பனியாறும் அரித்துக்கொண்டு போகப்போக, அடியில் இருந்த சூடான பாறை மேலே வந்து ஆறும். அது ஆறிய காலத்தைப் பிடித்தால் மலையின் கதையில் பாதி கைக்கு வந்துவிடும்.

பிடிப்பது எப்படி? கனிமம் சூடாக இருக்கும்வரை, சிதைவில் பிறக்கும் பொருள் உள்ளே தங்காமல் வெளியேறிக்கொண்டே இருக்கும், அப்போது கடிகாரம் ஓடாது. ஒரு குறிப்பிட்ட வெப்பத்துக்குக் கீழே இறங்கியதும் வாசல் அடைபடும், அன்றிலிருந்து எண்ணிக்கை தொடங்கும். இந்த அடைப்பு வெப்பநிலையை ஒழுங்கான கணக்காக 1973-இல் எழுதியவர் மார்ட்டின் டாட்சன். கனிமத்துக்குக் கனிமம் அது மாறும். சிர்கானில் ஈயத்துக்கு 900 டிகிரிக்கு மேல், அதனால்தான் அது பிறந்த நாளை மறப்பதில்லை. ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமத்தில், பொட்டாசியம் சிதைந்து பிறக்கும் ஆர்கான் வாயுவுக்குச் சுமார் 500. கருப்பு மைக்காவான பயோடைட்டில் 300 பக்கம். அபடைட் என்ற பாஸ்பேட் கனிமத்தில் யுரேனியம் பிளந்து தெறிக்கும்போது விழும் கீறல்கள் 110 டிகிரிக்கு மேலே தானாகவே ஆறி மறைந்துவிடும், அதற்குக் கீழே நிலைத்து நிற்கும். அதே அபடைட்டில், யுரேனியம் சிதையும்போது பிறக்கும் ஹீலியம் தங்குவதற்கு 70 டிகிரிக்கும் கீழே வர வேண்டும். ஆக ஒரே கைப்பிடிக் கல்லில் சிர்கான், ஹார்ன்பிளெண்ட், பயோடைட், அபடைட் நான்கையும் அளந்தால் அது 900 டிகிரியிலிருந்து 70 டிகிரி வரை எந்தெந்தக் காலத்தில் ஆறியது என்று ஒரு வரைபடமே போட்டுவிடலாம். ஒரு கல்லுக்கு நான்கு வயது, நான்கும் சரி.

கணக்குப் பிரியர்களுக்காக ஒன்று. ஓரிடத்தில் அபடைட் கீறல் வயது 1 கோடி ஆண்டு என்று வருகிறது. அடைப்பு வெப்பம் 110, தரையில் வெப்பம் 10, வித்தியாசம் 100 டிகிரி. கி.மீ.க்கு 25 டிகிரி என்றால் 4 கி.மீ. அப்படியானால் 1 கோடி ஆண்டில் மேலிருந்து 4 கி.மீ. பாறை காணாமல் போயிருக்கிறது, ஆண்டுக்கு 0.4 மி.மீ. இது தோராயம்தான், ஏனென்றால் அரிப்பு வேகமாக நடந்தால் சூடான பாறை ஆறுவதற்கு முன்பே மேலே வந்துவிடும், கி.மீ.க்கு 25 என்பதே மாறிப்போகும். இமயத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் நங்கா பர்பத் சிகரம் அப்படிப்பட்ட இடம். அங்கே பயோடைட் வயது வெறும் 10 லட்சம் ஆண்டு பக்கம் வருகிறது. 300 டிகிரியில் இருந்த பாறை பத்தே லட்சம் ஆண்டில் மேலே வந்து பனியில் நிற்கிறது. இந்த எண்ணை முதல்முறை பார்ப்பவர்கள் அச்சுப் பிழை என்றுதான் நினைப்பார்கள்.

இன்னொரு நல்ல வழி, செங்குத்தான ஒரு மலையில் அடியிலிருந்து உச்சிவரை வரிசையாகக் கல் எடுப்பது. உச்சியில் இருப்பது முதலில் ஆறியிருக்கும், அதனால் வயது அதிகம். கீழே வரவர இளசு. அலாஸ்காவின் டெனாலியில் இப்படிச் செய்தபோது, மேல்பகுதியில் உயரம் கொஞ்சம் மாறினாலே வயது நிறைய மாறியது, கீழ்ப்பகுதியில் பல நூறு மீட்டர் இறங்கியும் வயது அவ்வளவாக மாறவில்லை. அந்த முறிவு வரும் இடம் ஏறக்குறைய 60 லட்சம் ஆண்டு. மந்தமாக நடந்த அரிப்பு அப்போது திடீரென்று வேகம் பிடித்திருக்கிறது, இன்றைய மலையின் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

ஆனால் உயரமாக இருப்பதும் அரிக்கப்படுவதும் ஒன்றல்ல. திபெத் பீடபூமி சராசரியாக 5,000 மீட்டர் பக்கம் உயரம், ஆனால் அதன் நடுப்பகுதியில் மழை குறைவு, ஆறுகள் வெளியே ஓடுவதில்லை, அரிப்பும் கொஞ்சம்தான். அங்கே அபடைட்டைக் கேட்டால், கடந்த 4 கோடி ஆண்டில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிடும். உயரத்துக்கு வேறு ஆளைக் கேட்க வேண்டும்: மேகம் மலை ஏறும்போது கனமான ஆக்சிஜன்-18 உள்ள நீர் முதலில் மழையாக விழுந்துவிடும், மேலே போகப்போக மழைநீரில் அது குறைந்துகொண்டே வரும். பழைய ஏரிகளில் படிந்த சுண்ணாம்பில் அந்த விகிதம் தங்கியிருந்தால், அந்த ஏரி அன்றைக்கு எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று கணக்கிடலாம்.

கேள்வி: 1980-களில் வெளிவந்த எரிமலைக் குழம்பையே பரிசோதித்ததில் லட்சக்கணக்கான ஆண்டு என்று வந்ததாமே? இதையெல்லாம் எப்படி நம்புவது?

பதில்: வந்தது உண்மைதான். அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையில் 1986-இல் உறைந்த பாறைக்குப் பொட்டாசியம்-ஆர்கான் முறையில் சுமார் 3.5 லட்சம் ஆண்டு என்று வந்ததை வைத்துத்தான் இந்தப் பேச்சு. பொட்டாசியம்-40 பாதியாகக் குறைய 125 கோடி ஆண்டு ஆகும். பத்து வயதுப் பாறையில் புதிதாகப் பிறந்திருக்கும் ஆர்கான் ஏறக்குறைய பூஜ்யம். அந்த இடத்தில் அறைக் காற்றின் ஆர்கான் துளி மிச்சம் இருந்தாலும், எரிமலையின் வயிற்றில் முன்பே வளர்ந்த பழைய படிகங்கள் கொஞ்சம் ஆர்கானைச் சுமந்துவந்தாலும், அளவு தாறுமாறாகத்தான் வரும். லாரி எடைமேடையில் தபால்தலையை நிறுத்துவிட்டு எடைமேடையைக் குறை சொல்லக் கூடாது.

சரியான படிகத்தைப் பொறுக்கிச் சரியான முறையில் செய்தால் என்ன ஆகும்? இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை வெடித்து பொம்பெய் நகரத்தை மூடியது கி.பி. 79. அந்த எரிமலைப் பாறையின் படிகங்களை ஆர்கான்-ஆர்கான் முறையில் (பொட்டாசியம்-ஆர்கான் முறையின் மேம்பட்ட வடிவம்) படிப்படியாகச் சூடாக்கி அளந்து 1997-இல் வெளியிட்டார்கள். வந்த விடை 1,925 ஆண்டு, முன்னே பின்னே 94. சரியான விடை 1,918. அதிலும் கூடுதல் ஆர்கான் கொஞ்சம் இருந்தது, ஆனால் இந்த முறையில் அது இருப்பதே தெரிந்துவிடும், கழித்துவிடலாம்.

உங்கள் சந்தேகத்துக்கு இன்னும் பலமான ஆதாரம் நானே தருகிறேன். மேற்கு ஆல்ப்ஸில் டோரா மைரா என்ற இடத்தில் 1984-இல் கிறிஸ்டியன் ஷோபான் கோயசைட்டைக் கண்டுபிடித்தார். கண்டத்தின் மேலோடு 90, 100 கி.மீ. ஆழத்துக்குப் போய்த் திரும்பி வரும் என்று அதுவரை பலர் நம்பவே இல்லை. எப்போது போனது? அந்தப் பாறைகளின் வெள்ளை மைக்காவில் ஆர்கான் முறை 10 கோடி ஆண்டு பக்கம் காட்டியது. அதை வைத்து டைனோசர் காலத்திலேயே ஆல்ப்ஸ் ஆழத்தில் புதைந்தது என்று ஒரு முழு வரலாறு எழுதப்பட்டது. பிறகு கார்னெட் என்ற கனிமத்தையும் சிர்கானையும் வேறு முறைகளில் அளந்தபோது 3.5 கோடிதான் வந்தது. ஆழத்தின் அழுத்தத்தில் ஆர்கான் வெளியேற வழியில்லாமல் மைக்காவுக்குள் சேர்ந்துபோய் வயதைக் கூட்டிக் காட்டியிருக்கிறது. ஆறரைக் கோடி ஆண்டு பிசகு! பிசகு திருத்தப்பட்டதும் கதையே மாறிப்போனது: ஆழத்துக்குப் போன பாறை சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள், ஆண்டுக்குச் சென்டிமீட்டர் கணக்கில் மேலே ஏறி வந்திருக்கிறது, தட்டுகள் நகரும் அதே வேகம். ஒரே ஒரு கனிமத்தின் ஒரே ஒரு முறையை நம்பி யாராவது மலையின் வரலாறு எழுதினால் இன்றைக்கும் நான் சந்தேகப்படுவேன். நீங்களும் சந்தேகப்படுங்கள், ஆனால் முறையை ஒட்டுமொத்தமாகத் தூக்கி எறியாதீர்கள், பிசகைக் காட்டிக்கொடுத்ததும் இன்னொரு கடிகாரம்தான்.

கேள்வி: முழுக்க அரித்துப்போய்த் தரைமட்டமான மலைகளும் உண்டாமே. இல்லாத மலையை எப்படி ஆராய்வார்கள்?

பதில்: இரண்டு இடத்தில் தேடுவார்கள். ஒன்று, வேர். மலை போய்விட்டாலும் அதன் அடியில் 20, 30 கி.மீ. ஆழத்தில் வெந்த பாறை இப்போது தரையில் தெரியும். அதில் கார்னெட், மோனசைட் போன்ற கனிமங்கள் எந்த ஆழத்தில், எந்த வெப்பத்தில் வளர்ந்தன என்பதை அவற்றின் வேதி அளவுகள் சொல்லும், எப்போது என்பதை ஐசோடோப்புகள் சொல்லும். கிழக்கு ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், தென்னிந்தியா, இலங்கை, கிழக்கு அண்டார்டிகா எல்லாவற்றிலும் ஏறக்குறைய 55 கோடி ஆண்டு என்ற உருமாற்ற வயது (பாறை ஆழத்தில் வெந்து மாறிய வயது) திரும்பத் திரும்ப வருகிறது. இன்றைக்குக் கடல்கள் பிரித்திருக்கும் இந்த நிலங்கள் அன்றைக்கு ஒன்றோடொன்று மோதிக் கோண்டுவானா என்ற பெருங்கண்டமாக ஒட்டிக்கொண்டதன் தழும்பு அது.

இன்னொன்று, மணல். மலை எங்கேயும் தொலைந்துபோவதில்லை, தாழ்வான இடத்தில் போய்க் கிடக்கிறது. இமயம் அரித்த மண் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுபோய்ச் சேர்த்து வங்கக் கடலின் அடியில் உலகத்திலேயே பெரிய கடலடிப் படிவாகக் கிடக்கிறது, 2015-இல் அங்கே துளையிட்டும் மாதிரி எடுத்தார்கள். மணலில் ஒரு படிகம் எப்போது ஆறியது, எப்போது கடலில் படிந்தது, இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு? இடைவெளி குறைவு என்றால் அன்றைக்கு மலை வேகமாக அரிக்கப்பட்டிருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் இதன் உச்சம்: சுமார் 300 கோடி ஆண்டு வயதான கூழாங்கல் பாறைக்குள் 440 கோடி ஆண்டு வயதான சிர்கான் துகள் கிடைத்தது. அது பிறந்த பாறை இன்று பூமியில் எங்குமே இல்லை, துகள் மட்டும் இருக்கிறது.

கேள்வி: கண்டங்களில் 300, 400 கோடி ஆண்டுப் பாறை இருக்கும்போது பெருங்கடல் தரை மட்டும் 18 கோடி ஆண்டைத் தாண்டவில்லையே, ஏன்?

பதில்: பழசாகப் பழசாக ஆறி, கனமாகி, வேறொரு தட்டுக்கு அடியில் செருகிப் போய்விடுகிறது. தப்பிப்பது அபூர்வம், மோதலில் சிக்கி நிலத்தின் மேல் ஏற்றப்பட்ட துண்டுகள் மட்டும்தான். ஓமானில் பழைய கடல் தரை ஒரு மலைத்தொடராகவே நிற்கிறது, வயது சுமார் 9.5 கோடி.

கேள்வி: இமயமலை இன்னும் வளர்கிறதா?

பதில்: வளர்கிறது, கூடவே அரிந்துகொண்டும் இருக்கிறது. இந்தியத் தட்டு ஆண்டுக்கு 4 முதல் 5 செ.மீ. வடக்கே தள்ளுகிறது, அதில் ஏறக்குறைய 2 செ.மீ.யை இமயம் மட்டும் நெருங்கி வாங்கிக்கொள்கிறது, மிச்சம் திபெத்துக்கும் அதற்கு வடக்கேயும் போகிறது. இந்த 2 செ.மீ. செயற்கைக்கோள் அளவீட்டில் வந்தது. வேடிக்கை என்னவென்றால், நேபாளத்தின் அடிவார மலைகளில் ஆறுகள் விட்டுப்போன பழைய படித்தளங்கள் எவ்வளவு மேலே தூக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்து, அவற்றில் இருந்த கரித்துண்டுகளுக்கு வயது கண்டபோதும், கடந்த சில ஆயிரம் ஆண்டுகளுக்கு அதே 2 செ.மீ. பக்கம்தான் வந்தது. மேலே நான் துரத்திவிட்ட கார்பன்-14 தான் இதைச் செய்தது, சின்னக் காலத்துக்கு அதைவிட்டால் ஆளில்லை.

ஆனால் வளர்ச்சி ஆண்டுக்கு ஆண்டு ஒரே சீராக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 2015 ஏப்ரல் நேபாள நிலநடுக்கத்தில் காத்மாண்டு பகுதி ஒரு மீட்டர் அளவுக்கு மேலே வந்தது, அதற்கு வடக்கே உயர்ந்த சிகரங்களின் பக்கம் நிலம் கீழே இறங்கியது. இறங்கிய பகுதி, அடுத்த நடுக்கம்வரையான இடைக்காலத்தில் மெல்ல மெல்ல ஏறும். 2020-இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து எவரெஸ்டுக்கு அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர்.

கேள்வி: ஆற்றில் ஓர் அழகான கூழாங்கல் எடுத்துவைத்திருக்கிறேன். பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினால் வயது சொல்வார்களா?

பதில்: சொல்லலாம், ஆனால் அதனால் ஒன்றும் தெரியாது. ஆற்றுக் கல் எந்த மலையின் எந்தப் பாறையிலிருந்து உருண்டுவந்தது என்று தெரியாதவரை வயது வெறும் எண். வயது பார்க்கக் கல் எடுப்பவர்கள் நிலத்தோடு ஒட்டியிருக்கும் பாறையிலிருந்து, வெயிலிலும் மழையிலும் உளுத்துப்போன மேல்தோலைத் தட்டிவிட்டு உள்ளே இருக்கும் புத்தம்புதுப் பகுதியை எடுப்பார்கள். எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், பாறை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பக்கத்துப் பாறையை இது வெட்டிக்கொண்டு போகிறதா அல்லது அது இதை வெட்டுகிறதா என்பதையெல்லாம் அங்கேயே எழுதிக்கொள்வார்கள். வெட்டுவது எப்போதும் வெட்டுப்படுவதைவிட இளையது, அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். உங்கள் கல்லை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.